வாடிக்கையாளருக்குப் பார்க்கும் டாரட் கட்டு: வடிவமைப்பில் எதைப் பார்த்து எடுப்பது?

கேள்வி சுருக்கமாக இது: பினாங்கு ஜார்ஜ் டவுனில் வீட்டு முன்னறையிலும் வார இறுதிச் சந்தையிலும் கட்டணம் வாங்கி டாரட் பார்க்கத் தொடங்கியிருக்கிறார் ஒருவர், அதாவது 78 படச் சீட்டில் சிலவற்றை விரித்துப் பலன் சொல்கிறார். கையில் மூன்று கட்டுகள் உண்டு: தங்க விளிம்பு போட்ட கறுப்புக் கட்டு, விலங்குப் படக் கட்டு, பழைய ரைடர் வகைக் கட்டு. எதை மேசைக்குக் கொண்டுபோவது? தமிழ்ப் பெயர்களோடு சொந்தமாக ஒன்று அச்சடித்தால் என்னென்ன கவனிக்க வேண்டும்?

ரைடரைக் கொண்டுபோங்கள். தங்க விளிம்பு வீட்டில் இருக்கட்டும். விலங்குக் கட்டைப் பழகிய ஆட்களுக்கு மட்டும் எடுங்கள். சொந்த அச்சு செய்யக்கூடியதுதான், ஆனால் கெட்டுப்போகும் இடங்கள் பல. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

காரணம் அழகு சம்பந்தப்பட்டதல்ல. சேகரிப்பவர் சீட்டைக் கையில் பிடித்து, ஓர் அடி தூரத்தில், நல்ல வெளிச்சத்தில் பார்க்கிறார். உங்களிடம் வருபவர் இரண்டரை அடி தள்ளி உட்கார்ந்து, படத்தைத் தலைகீழாக, அரை நிமிடம் பார்க்கிறார். நீங்கள் வாய் திறக்கும் முன்பே அவர் மனசுக்குள் ஒரு பலன் ஓடிவிடும். நம் ஆட்களில் பலருக்குச் சீட்டு என்றால் முதலில் தெரிந்தது கிளி ஜோசியம். அங்கே கிளி ஓர் அட்டையை இழுக்கும், படத்தில் ஒரு சாமி இருக்கும், நல்லதா கெட்டதா என்று உடனே தெரிந்துவிடும். அதே கண்ணோடுதான் உங்கள் மேசையையும் பார்ப்பார்கள். ஆகவே கட்டைத் தேர்ந்தெடுக்கும்போது எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். பத்துச் சீட்டை விரித்துவிட்டு எழுந்துபோய் அந்தப் பக்கமிருந்து ஒவ்வொன்றிலும் என்ன நடக்கிறது என்று சொல்ல முடிகிறதா பாருங்கள். கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கியும் பார்க்கலாம். உருவங்கள் பின்னணியோடு கலந்து மறைந்தால் அந்தக் கட்டு அலமாரிக்கானது.

1909இல் லண்டனில் வெளிவந்த ரைடர் கட்டு இந்தச் சோதனையில் இன்றும் தேறுவதற்குக் காரணம் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த விதம். தடித்த கறுப்புக் கோடு, உள்ளே தட்டையான நிறம், ஒரு சீட்டில் ஒன்றிரண்டு ஆட்கள், ஒரே ஒரு செயல். அதோடு, 22 பெரிய சீட்டுகள் மட்டுமல்லாமல், கோல், கிண்ணம், வாள், காசு என்று நான்கு வகையாக வரும் 56 சிறிய சீட்டுகளுக்கும் காட்சி இருக்கிறது. பழைய பிரெஞ்சு மார்செய் மரபில் சிறிய சீட்டு என்றால் எட்டுக் கோல், ஐந்து கிண்ணம் என்று எண்ணிக்கைதான். அதில் வாடிக்கையாளருக்குப் பார்க்க எதுவும் இல்லை. சிலருக்கு அதுவே நல்லது. எந்தப் படத்தைப் பார்த்தாலும் கலங்கிவிடும் ஆள் வந்தால் மார்செய் கட்டை எடுப்பது புத்திசாலித்தனம். வெறும் எட்டுக் கோலைப் பார்த்து யாரும் அழுவதில்லை. ஆனால் அன்றாடத் தொழிலுக்கு, படத்தில் விரல் வைத்துப் பேச முடிவதுதான் பாதி வேலையைச் செய்கிறது.

அந்த விரல் வைக்கும் இடங்கள்தான் முக்கியம். ரைடரை அடிப்படையாக வைத்துப் பலர் புதிதாக வரைந்த கட்டுகள் சந்தையில் குவிந்து கிடக்கின்றன. வாங்கும் முன் நான்கு சீட்டுகளைப் பாருங்கள். கிண்ணம் ஐந்தில் கவிழ்ந்த மூன்றுக்குப் பின்னால் இரண்டு கிண்ணம் நிமிர்ந்து நிற்கிறதா? மரணச் சீட்டில் தூரத்தில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன் இருக்கிறதா? சாத்தான் சீட்டில் இருவர் கழுத்திலும் சங்கிலி தளர்வாகக் கிடக்கிறதா, அவர்களே கழற்றிவிடும் அளவுக்கு? வாள் எட்டில் கண் கட்டிய பெண்ணுக்கு முன்னால் வழி திறந்திருக்கிறதா? கெட்டதாகத் தெரியும் சீட்டைப் புரட்டும்போது உங்களுக்குக் கைகொடுப்பவை இந்தச் சிறிய விவரங்களே. ‘நவீனமாக’ வரைகிறேன் என்று ஓவியர் முதலில் வெட்டுவதும் இவற்றைத்தான். மரணச் சீட்டு ஒரு மண்டை ஓடும் நான்கு ரோஜாவுமாகச் சுருங்கியிருக்கும். சுவரில் மாட்ட நன்றாக இருக்கும், மேசையில் உதவாது.

தலைகீழ்ப் பார்வை செய்யும் வேடிக்கை ஒன்று உண்டு. தொங்கும் மனிதன் சீட்டு உங்களுக்கு நேராக விழுந்தால், எதிரே இருப்பவருக்கு அவர் ஒற்றைக் காலில் நிற்பதாகத் தெரியும். ‘இவருக்கு என்ன, நிம்மதியா நிக்கிறாரே’ என்பார்கள். வாள் நான்கிலோ கல்லறை மேல் கைகூப்பிப் படுத்திருக்கும் வீரனின் சிலையைப் பிணம் என்றே எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் இருக்கும் நேரமாக இருந்தால் சொல்லவே வேண்டாம். இதற்கு வடிவமைப்பை மாற்றுவதைவிட உட்காரும் இடத்தை மாற்றுவது சுலபம். நேர் எதிரே உட்காராமல் மேசையின் மூலையில், இருவரும் செங்கோணமாக உட்காருங்கள். சீட்டு உங்களுக்கு நேராக இருந்தால் அவருக்குப் பக்கவாட்டில் தெரியும். யாருக்கும் முழுத் தலைகீழ் இல்லை.

சீட்டின் அடியில் அச்சிட்ட பெயர் அடுத்த சங்கடம். ‘டெத்’ என்ற சொல்லைத் தலைகீழாகவும் எல்லாரும் படித்துவிடுவார்கள், அதைப் படித்தபின் நீங்கள் சொல்லும் எதுவும் காதில் ஏறாது. மார்செய் மரபில் 13ஆம் சீட்டுக்குப் பெயரே எழுதாமல் விடுவது வழக்கம், எண் மட்டும் இருக்கும். அந்தப் பழைய ஏற்பாட்டை நாமும் எடுத்துக்கொள்ளலாம். பெயரே இல்லாத கட்டுகளும் கிடைக்கின்றன. 78 சீட்டும் மனப்பாடமான பிறகு அவைதான் வசதி. எண்ணைப் பொறுத்தவரை ரோமன் எழுத்தில் இருந்தால் போதும். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் சீனர்களும் உங்களிடம் வருவார்கள். சாவை நினைவூட்டும் எண் என்று அவர்கள் ஒதுக்கும் 4, பளிச்செனப் பெரிதாக அவர்கள் கண்ணில் முதலில் படவேண்டிய அவசியம் இல்லை.

நிர்வாணப் படங்கள் பற்றி யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. ரைடரில் காதலர், நட்சத்திரம், சூரியன், தீர்ப்பு, சாத்தான், உலகம் என ஆறு பெரிய சீட்டுகளில் உடையில்லாத, அல்லது கிட்டத்தட்ட அப்படியான உருவங்கள் உண்டு. தனியாக வரும் இளைஞருக்கு அது ஒன்றுமில்லை. அம்மாவும் மகளும் சேர்ந்து வந்து கல்யாணம் எப்போது என்று கேட்கும்போது காதலர் சீட்டு விழுந்தால், மேசையில் ஒரு நிமிடம் யாரும் பேசமாட்டார்கள். குடும்பமாக வருபவர்கள் அதிகம் என்றால் உடையணிந்த உருவங்கள் கொண்ட ரைடர் வகைக் கட்டு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

விலங்குக் கட்டுக்கு வருவோம். மேற்கத்திய ஓவியருக்கு ஆந்தை அறிவின் அடையாளம், காகம் மாயத்தின் அடையாளம். நம் ஆளுக்கு ஆந்தை அபசகுனம். காகம் என்றால் அமாவாசைச் சோறு, அப்பாவோ தாத்தாவோ வந்திருக்கிறார் என்று கண் கலங்கும். பாம்பு என்றால் நாக தோஷம். நீங்கள் வேலை மாற்றம் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள், எதிரே இருப்பவர் திதி கொடுக்காமல் விட்டதை எண்ணிக்கொண்டிருப்பார். இதைத் தெரிந்து பயன்படுத்தத் தெரிந்தவருக்கு விலங்குக் கட்டு நல்ல கருவி. புதியவருக்கு அது இரட்டை வேலை.

அதைவிடச் சிக்கலானது நம் தெய்வங்களைச் சீட்டில் போடும் ஆசை. தமிழ்க் கட்டு என்றாலே முருகனைத் தேர் சீட்டிலும், மகாலட்சுமியைப் பேரரசி சீட்டிலும் போடத் தோன்றும். பொருத்தமும் இருக்கிறது. ஆனால் சீட்டு தலைகீழாக விழும், தரையில் விழும், ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே வைக்கப்படும். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் ஒருவர் முன்னால் முருகன் தலைகீழாக விழுந்து, அதற்கு நீங்கள் ‘தடங்கல்’ என்று பலன் சொன்னால், அவர் அதைப் பலனாகக் கேட்கமாட்டார். கிளி ஜோசிய அட்டையில் சாமி படம் ஒத்துப்போவது அங்கே தலைகீழ்ப் பலன், அதாவது தலைகீழாக விழுந்த சீட்டுக்கு வேறு பலன், என்று ஒன்று இல்லாததால்தான். தெய்வ உருவம் வேண்டுமென்றால் தலைகீழ்ப் பலனைக் கைவிட்டு, எப்படி விழுந்தாலும் நிமிர்த்தி வைத்துவிட்டுப் பேசுங்கள். இல்லையென்றால் உருவத்துக்குப் பதிலாக வேல், தாமரை, மயிலிறகு, சங்கு என்று பொருள்களைப் போடுங்கள். இரண்டாவது வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

தலைகீழ்ப் பலன் பார்ப்பதா வேண்டாமா என்பது பின்புற வடிவத்தையும் முடிவு செய்கிறது. பார்ப்பதானால், பின்புறம் 180 பாகை சுற்றினாலும் மாறாமல் இருக்க வேண்டும். மாறினால் புரட்டும் முன்பே எது தலைகீழ் என்று உங்களுக்கும் தெரியும், கூர்ந்து பார்க்கும் வாடிக்கையாளருக்கும் தெரியும். விசிறி மாதிரி விரித்து ‘ஒன்று எடுங்கள்’ என்று நீட்டும்போது அவர் தலைகீழாக இருப்பதைத் தவிர்த்து எடுப்பார். அழகான ஒற்றைப் படம், நிலவு, முகம், கடை அடையாளம் என்று ஒருபக்கம் மட்டும் மேலாக இருக்கும் பின்புறங்கள் அனைத்தும் இதில் மாட்டும். ஓம் எழுத்தை நடுவில் போட்டாலும் அதே கதைதான். குத்துவிளக்கும் ஆகாது. புள்ளிக் கோலம் இதற்கென்றே பிறந்தது போல இருக்கும்: பல சிக்குக் கோலங்கள் அரைச் சுற்றுக்கும், சில கால் சுற்றுக்கும் மாறுவதில்லை. சரிபார்க்க, வரைந்த படத்தின் பிரதி ஒன்றை 180 பாகை சுற்றி அசலின் மேலேயே வைத்து, மென்பொருளில் ‘டிஃபரன்ஸ்’ முறைக்கு மாற்றுங்கள். முழுக்கக் கறுப்பானால் இரண்டும் ஒன்றே. எங்காவது கீறல் கீறலாக வெளிச்சம் தெரிந்தால் அங்கே பிசகு இருக்கிறது.

இனி அளவு. டாரட்டின் வழக்கமான அளவு 70க்கு 120 மில்லிமீட்டர். கெல்டிக் சிலுவை என்ற பத்துச் சீட்டு விரிப்பைப் போட்டால் நிமிர்ந்த வரிசைக்கு மட்டும் நான்கு சீட்டு உயரம், இடைவெளி சேர்த்து 51 செண்டிமீட்டர். அகலம் சுமார் 40. கோப்பிக்கடை மேசையோ சந்தைக் கூடாரத்தில் தரும் மடக்கு மேசையோ 60 செண்டிமீட்டர் சதுரமாக இருந்தால், வாடிக்கையாளரின் கைப்பேசிக்கும் தேநீர்க் குவளைக்கும் இடமிருக்காது. 57க்கு 89 என்ற பிரிட்ஜ் சீட்டாட்ட அளவில் அதே விரிப்பு 32க்கு 39இல் அடங்கிவிடும், ஆனால் படம் எதிரே இருப்பவருக்குச் சிறிதாகிவிடும். வீட்டுக்கு 70க்கு 120, சந்தைக்கு அதே அளவுதான், விரிப்பை மட்டும் மூன்று அல்லது ஐந்து சீட்டாகச் சுருக்குங்கள். சீட்டைச் சிறிதாக்குவதைவிட இது மேல். கை சிறியதாக இருந்து கலைக்க முடியவில்லை என்றால் மட்டும் சிறிய அளவுக்குப் போகலாம்.

தடிமனில் அதிகம் என்றால் தரம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. சதுர மீட்டருக்கு 300 முதல் 350 கிராம் எடையுள்ள அட்டை போதும். 350 கிராமில் ஒரு சீட்டு ஏறத்தாழ 3 கிராம் எடை, முழுக் கட்டு 230 கிராம் அளவில் வரும். ஒரு சீட்டு 0.32 மில்லிமீட்டர் என்றால் 78 சீட்டும் 25 மில்லிமீட்டர் உயரம், 0.4 ஆனால் 31. அந்த 6 மில்லிமீட்டர் வித்தியாசத்தில் பலருக்கு ஒரே கையில் கட்டு அடங்காமல் போகிறது. மறுபக்கம், 280 கிராமுக்குக் கீழே போனால் மேசை விசிறி சீட்டைத் தூக்கும். விசிறி இல்லாமல் இங்கே யார் உட்காருவது? கீழே வெல்வெட் துணி விரித்தால் சீட்டு நகராது, எடுக்கும்போது நகம் நுழைய இடமும் கிடைக்கும், சீட்டை வளைக்க வேண்டியதில்லை. சாட்டின் துணி வழுக்கும்.

பளபளப்பு முலாம் (லாமினேஷன்) போட்ட சீட்டு தொழிலுக்கு ஆகாது. கூரையில் பதித்த எல்இடி விளக்கு ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வெள்ளைப் பொட்டாக விழும், வாடிக்கையாளர் உட்கார்ந்த கோணத்தில் சரியாக முகத்தை மறைக்கும். காணொலி அழைப்பில் பார்ப்பவர்களுக்கு இன்னும் மோசம். மங்கல் முலாமோ, துணி நெசவு போன்ற மேற்பரப்போ எடுங்கள். காணொலிக்கு இன்னொன்று: கறுப்புத் துணியில் வெள்ளை ஓரச் சீட்டு வைத்தால் கேமரா இருட்டுக்கு ஏற்ப வெளிச்சத்தைக் கூட்டும், சீட்டு வெளுத்துப்போகும். அரக்கு அல்லது சாம்பல் நிறத் துணி பாதுகாப்பானது. தொட்டால் பட்டு போலிருக்கும் மென்முலாம் விற்பனையில் கவர்ச்சியாக இருந்தாலும் எண்ணெய்க் கையை அப்படியே காட்டும், குறிப்பாக இருண்ட நிறத்தில்.

நம் ஊர்க் காற்றுக்குத் தனியாக ஒரு பேச்சு தேவைப்படுகிறது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுதும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. ஏர்கோன் அறையில் அது நன்றாக இறங்கும். காலையில் ஏர்கோன் அறை, மாலையில் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தை என்று கட்டு அலைந்தால், அட்டை நீரை வாங்கி விரிந்து, விட்டுச் சுருங்கி, வளையத் தொடங்கும். இரண்டு பக்கமும் ஒரே முலாம் இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுக்கும், சீட்டு பெரும்பாலும் தட்டையாகவே இருக்கும். முன்புறம் மட்டும் முலாம் போட்ட மலிவுக் கட்டு முலாம் பக்கமாகவோ எதிர்ப்பக்கமாகவோ வளைந்து, மேசையில் ஓடம் போல ஆடும். வளைந்த கட்டை ஏர்கோன் அறையில் கனமான புத்தகங்களுக்கு அடியில் இரண்டு நாள் வைத்தால் பெரும்பகுதி நேராகும். பிறகு மூடி இறுகும் டப்பாவில் 5 அல்லது 10 கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். காருக்குள் விட்டுப்போகாதீர்கள், முலாமின் பசை இளகி மூலை பிரியும்.

தங்க விளிம்புக் கட்டை வீட்டில் வைக்கச் சொன்னதும் இதனால்தான். புதிதில் சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், நான்கைந்து சீட்டாகப் பிரித்து விளிம்பை மெதுவாக நெகிழ்த்தி எடுக்க வேண்டும். பழகப் பழகத் தங்கம் உதிர்ந்து துணியிலும் வாடிக்கையாளர் விரலிலும் ஒட்டும். உதிர்வு எல்லாச் சீட்டிலும் ஒரே அளவில் நடப்பதில்லை. அடிக்கடி கைபட்ட சீட்டின் விளிம்பு வெளுத்து, கட்டின் பக்கவாட்டில் கோடாகத் தெரியும். கறுப்பு ஓரச் சீட்டிலும் அதே நோய்: மூலை தேய்ந்தவுடன் உள்ளிருக்கும் வெள்ளை அட்டை எட்டிப் பார்க்கும். எந்தச் சீட்டு என்று பின்புறத்திலிருந்தே தெரிந்துவிட்டால் அந்தக் கட்டின் தொழில் ஆயுள் முடிந்தது. கோவிலிலிருந்து நேராக வருபவர்கள் குங்குமமும் விபூதியும் பட்ட கையோடு சீட்டை எடுப்பார்கள். முலாமில்லாத அட்டையில் குங்குமம் இறங்கினால் போகாது. மேசையில் ஈரக் கைத்துணி ஒன்று வைத்துக் கை துடைக்கச் சொல்வதில் தவறில்லை. முலாம் போட்ட சீட்டை மைக்ரோஃபைபர் துணியை லேசாக நனைத்துப் பிழிந்து துடைத்து, உடனே உலர் துணியால் ஒற்றி எடுக்கலாம்.

தொழிலுக்கு எடுக்கும் கட்டு எதுவானாலும் ஒரே நேரத்தில் இரண்டு வாங்குங்கள். ஒரு சீட்டு கெட்டால் மற்றதிலிருந்து எடுத்துப் போடலாம் என்பதற்காக அல்ல, புதுச் சீட்டு பழைய கட்டில் தனியாகத் தெரியும். முழுக் கட்டையும் மாற்றத்தான். ஒரே கட்டின் வேறு பதிப்பில் பின்புற நிறமும் அட்டையும் மாறிவிடுவதால் பிறகு தேடினால் அதே கட்டு கிடைக்காது. இணையச் சந்தையில் அடிமாட்டு விலைக்கு வருபவை பெரும்பாலும் போலிகள். அசலைவிடச் சிறிய அளவு, ஓரம் வெட்டுப்பட்ட படம், மங்கிய எழுத்து, கையேட்டுக்குப் பதிலாக ஒரு கியூஆர் குறி, ஓவியர் பெயர் இல்லாத பெட்டி ஆகியவை அடையாளங்கள்.

இப்போது சொந்த அச்சு. முதலில் உரிமை. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஓவியருக்கான காப்பு அவர் வாழ்நாளும் அதற்குப்பின் 50 ஆண்டும். பமேலா கோல்மன் ஸ்மித் 1951இல் இறந்ததால் அவர் மூல ஓவியங்கள் இங்கே 2001 முடிவோடு பொதுவுடைமையாகிவிட்டன. பிரிட்டனில் 70 ஆண்டுக் கணக்கு, 2021 முடிவில். ஆனால் பிற்காலத்தில் மறுநிறம் தீட்டிய பதிப்பையோ, இன்றைய ஓவியர் ஒருவரின் மறுவரைவையோ ஸ்கேன் செய்து அச்சடிக்காதீர்கள். 1909 காலத்து அச்சின் படங்களை எடுத்து, நிறத்தை நீங்களே செய்யுங்கள். எண் வரிசையையும் முன்பே முடிவு செய்யுங்கள்: ரைடரில் 8 வலிமை, 11 நீதி, மார்செயில் இரண்டும் இடம் மாறியிருக்கும். நீங்கள் கற்ற புத்தகத்தின் வரிசையில் நில்லுங்கள்.

கோப்பு அளவு: வெட்டிய பின் 70க்கு 120, சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதல் படம் விட்டால் 76க்கு 126. அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில் இது 898க்கு 1488 பிக்சல். எழுத்து, முகம், கை எதுவும் வெட்டுக் கோட்டிலிருந்து 4 மில்லிமீட்டருக்குள் வரக்கூடாது. வெட்டு ஒரு மில்லிமீட்டர் நகர்வது சகஜம். 2 மில்லிமீட்டர் ஓரம் வைத்தால் ஒரு பக்கம் 1, மறுபக்கம் 3 என்று கோணலாகத் தெரியும். ஓரமே வேண்டாம், அல்லது 5 மில்லிமீட்டருக்கு மேல் வையுங்கள்.

தாள் கணக்கைக் கடைக்காரரிடம் விடாதீர்கள். 320க்கு 450 மில்லிமீட்டர் கொண்ட எஸ்ஆர்ஏ3 தாளில் 76க்கு 126 அளவுச் சீட்டு நான்கு வரிசை மூன்று நிரை, 12 அடங்கும். 78 சீட்டுக்கு 7 தாள். மீதி ஆறு இடம். அதில் உங்கள் முகவரி அட்டையோ, பின்புறச் சோதனைச் சீட்டோ போடலாம். சாதாரண ஏ3 என்றால் சீட்டைப் படுக்க வைத்து 10தான் அடங்கும், 8 தாள் பிடிக்கும். இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று சில சீட்டை நிமிர்த்தியும் சிலவற்றைப் படுக்கவைத்தும் ஒரே தாளில் அடுக்கும் கடைகள் உண்டு. விடாதீர்கள். காகித நாரின் திசை மாறிப்போன சீட்டு, ஈரத்தில் மற்றவற்றுக்குக் குறுக்காக வளையும். கண்ணை மூடித் தடவினாலே தனியாகத் தெரியும்.

தமிழ் எழுத்தில்தான் அதிகக் கோளாறு வருகிறது. கடையின் மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பு இயக்கப்படாமல் இருந்தால் ‘கோல்’ என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி தனியே மிதக்கும். சீனரோ மலாய்க்காரரோ நடத்தும் கடையில் அதைப் பிழை என்று கண்டுபிடிக்க ஆளில்லை. ஆகவே எழுத்தை உங்கள் கணினியிலேயே கோட்டுருவமாக மாற்றி, பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற திறந்த உரிமம் உள்ளது வசதி. தமிழ்ச் சொல் ஆங்கிலத்தைவிட நீளும், மேலும் கீழும் இடம் கேட்கும். ‘சக்கரவர்த்தினி’ என்று எழுதினால் 70 மில்லிமீட்டரில் திணறும், ‘பேரரசி’ அடங்கும். 10 புள்ளிக்குக் கீழே போகாதீர்கள். நான்கு வகைக்கும் கோல், கிண்ணம், வாள், காசு போதும். அரசவைச் சீட்டுகளுக்கு ராஜா, ராணி, குதிரைவீரன், சேவகன் என்று வையுங்கள். சின்னச் சொற்களே தூரத்திலிருந்து தெரியும். வகைகளை நிறத்தால் மட்டும் பிரிக்காமல் மூலையில் சிறு வடிவமும் போடுங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் பலர்.

எழுத்துக்கு நான்கு மை கலந்த கறுப்பு வேண்டாம். கறுப்பு மை மட்டும் 100 விழுக்காடு. கலவைக் கறுப்பில் மைகள் ஒரு நூலிழை விலகினாலும் தமிழின் சுழிகள் நிறம் கசிந்து அடைத்துக்கொள்ளும். கோலத்தை இருண்ட பின்னணியில் வெள்ளைக் கோடாக விடுவதானால் கோடு அரை மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. திரையில் பார்க்கும் ஒளிர்நீலமும் ஊதாவும் அச்சில் மங்கும். முழுக் கட்டுக்கும் சொல்லும் முன் ஒரே ஒரு தாளை முன்பின் அச்சடித்து, முலாம் போட்டு, வெட்டிப் பாருங்கள். முன்புறமும் பின்புறமும் 1 மில்லிமீட்டர் விலகி நிற்பது இயல்பு. பின்புறக் கோலம் ஓரம்வரை ஓடினால் அது தெரியாது, கட்டம் போட்டு நடுவில் நிறுத்தினால் தெரியும்.

மங்கல் முலாம் இரண்டு பக்கமும். முலாம் போட்ட தாளை ஒரு நாள் எடைக்கு அடியில் வைத்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள். சூட்டோடு வெட்டினால் மூலை பிரியும். கில்லட்டின் எனும் தாள் வெட்டும் இயந்திரத்தில் தாள்களைத் தடியாக அடுக்கி ஒரே வெட்டாக இழுத்தால் மேல் சீட்டும் அடிச் சீட்டும் அரை மில்லிமீட்டர் வேறுபடும், கலைக்கும்போது அது விரலில் தட்டும். சிறு அடுக்காக வெட்ட வேண்டும், அல்லது டை கட்டிங், அதாவது சீட்டு வடிவக் கத்தியால் அழுத்தி வெட்டுவது, செய்ய வேண்டும். மூலை வளைவு 3 மில்லிமீட்டரைவிட 5 கைக்கு இதம், தேயவும் நேரம் எடுக்கும். மூலை வெட்டும் கத்தி மழுங்கியிருந்தால் வெட்டிய இடத்தில் முலாம் இழை இழையாகத் தொங்கும். கடையிலேயே நகத்தால் நீவிப் பாருங்கள்.

வாங்கிக்கொண்டு வரும் முன் அங்கேயே வரிசைப்படுத்தி எண்ணுங்கள். 22, பிறகு வகைக்கு 14. தாள் அடுக்கும்போது ஒன்று இரட்டித்து இன்னொன்று விடுபடுவது அடிக்கடி நடக்கும், மொத்தம் 78 என்று மட்டும் எண்ணினால் தெரியாது. பிறகு எல்லாவற்றையும் கவிழ்த்துப் பரப்பி, பின்புற நிறம் தாளுக்குத் தாள் மாறியிருக்கிறதா பாருங்கள். டிஜிட்டல் இயந்திரத்தில் முதல் தாளுக்கும் ஏழாவது தாளுக்கும் அரக்கு ஒரு சாயல் தள்ளி வரும். 12 சீட்டு ஒரு நிறமாகவும் மீதி இன்னொரு நிறமாகவும் இருந்தால் பின்புறத்தைத் திரும்ப அச்சடிக்கச் சொல்லுங்கள், தள்ளுபடிக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.